புதிது புதிதாக வரும் கருவிகளில் எதைப் படிக்காமல் விடுகிறீர்கள்?

வெள்ளவத்தைக்காரி கேட்டது:

வணக்கம். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் 2011 இலிருந்து வேலை செய்கிறேன். வயது 37. வெள்ளவத்தையில் குடியிருக்கிறோம், மகள் நாலாம் ஆண்டு படிக்கிறாள். என் கேள்வியில் பாதி தொழிலைப் பற்றியது, பாதி நேரத்தைப் பற்றியது. அதனால்தான் இதையெல்லாம் முதலிலேயே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் பதிவுப் படிவம் செய்தேன். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி. சேர்வரில் ஓடும் பிஎச்பி மொழியிலும், பிரவுசரில் ஓடும் ஜேகுவெரியிலும் எழுதினேன். 2014 இல் அதே படிவத்தை ஆங்குலர்ஜேஎஸ் என்ற, வலைப்பக்கங்கள் கட்டும் கருவியில் எழுதச் சொன்னார்கள். ஆசையாகத்தான் படித்தேன். ஸ்கோப், டைரக்டிவ், டைஜெஸ்ட் சுழற்சி என்று அதன் பாகங்கள் ஒவ்வொன்றும் உள்ளே எப்படி ஓடுகிறது என்பதை இரவிரவாக உட்கார்ந்து விளங்கிக்கொண்டேன். 2016 செப்டெம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பெயரைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுத வேண்டும், ஸ்கோப் என்ற ஒன்றே கிடையாது. சரி, அதையும் படித்தேன். 2018 கடைசியில் ஒபிஸ் ரியாக்ட் என்ற இன்னொரு கருவிக்கு மாறியது. அதில் கிளாஸ் என்ற முறையை வைத்து எழுதிக் கை ஓடத் தொடங்கிய நேரம், 2019 பெப்ரவரியில் ஹூக்ஸ் என்ற புதிய முறை வந்துவிட்டது. நாலு பெட்டி உள்ள படிவத்துக்கு, பக்கத்தின் தகவலை ஒரே இடத்தில் வைத்து நடத்தும் ரீடக்ஸ் வேண்டும் என்றார்கள், படித்தேன். ஒன்றரை வருடத்தில் அது வேண்டாம் என்றார்கள். திகதிகளுக்கு மொமென்ட் என்ற லைப்ரரியை, அதாவது ஆயத்தமாக எழுதிய கோட் தொகுப்பை, வைத்திருந்தோம். புதிய வேலைகளுக்கு இதை எடுக்காதீர்கள் என்று 2020 இல் அதைச் செய்தவர்களே எழுதினார்கள். எங்கள் புரொஜெக்ட் எல்லாவற்றையும் ரியாக்ட் வேலையைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் அப் வைத்துத்தான் தொடங்கியிருந்தோம், 2025 பெப்ரவரியில் அதையும் கைவிட்டுவிட்டார்கள்.

அந்தப் படிவம் இன்றைக்கும் அதே படிவம்தான். பெயர், விலாசம், அடையாள அட்டை, பிறந்த திகதி. ஐந்து தடவை எழுதியிருக்கிறேன்.

மகள் ஒன்பதரைக்குத் தூங்குவாள். அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறப்பேன். பதினொன்றரை வரை என்று வைத்துக்கொள்வேன், பன்னிரண்டரை ஆகிவிடும். கடைசி ரயிலும் போய், கடல் இரைச்சல் மட்டும் கேட்கும் நேரத்தில் யாரோ ஒருவருடைய வீடியோவில் "இதுவரை நீங்கள் செய்ததெல்லாம் பிழை" என்று கேட்கும்போது அழுகை வருகிறது. மிகையாகச் சொல்லவில்லை.

போன கிழமை காலை மீட்டிங்கில் எங்கள் டீமில் உள்ள தம்பி ஒருவர், "அக்கா, இந்தப் பக்கத்தை சேர்வர் கொம்பொனன்ட்டாகப் போட்டால் என்ன?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். எனக்கு விளங்கவில்லை. இந்த 14 வருடத்தில் விளங்காத ஒன்றுக்கு நான் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாவற்றையும் எப்படிப் படித்து முடிப்பது என்று கேட்கவில்லை, அது முடியாது என்று தெரியும். எதை விடுகிறீர்கள்? விடலாம் என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறீர்கள்? விட்ட பிறகு நிம்மதியாகத் தூங்க முடிகிறதா?

---

கொட்டாஞ்சேனை ஜாவா பதில்:

தங்கச்சி, நான் 2002 இலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன், பெரும்பாலும் ஜாவா. ஜாவாவில் வலைத்தளம் கட்டும் ஸ்ட்ரட்ஸ் என்ற கருவியின் முதலாம் பதிப்பில் மூன்று பெரிய சிஸ்டம் கட்டினேன். அதைப் படிக்கும் புத்தகத்தை மருதானையில் ஒரு கடையில் தவணைக்குப் பேசி வாங்கினேன், அவ்வளவு விலை. 2013 இல் ஸ்ட்ரட்ஸ் முதலாம் பதிப்புக்கு இனிமேல் திருத்தங்கள் வராது என்று, அதைப் பராமரித்த அப்பாச்சி அமைப்பு அறிவித்துவிட்டது. புத்தகம் இன்னும் அலுமாரியில் இருக்கிறது, எறிய மனமில்லை. அதனால் உங்கள் மனநிலை எனக்கு விளங்குகிறது.

நான் எப்படித் தீர்மானிக்கிறேன் என்று சொல்கிறேன். ஒரு கருவியைப் பார்த்தால், இதைச் செய்தவனுக்கு என்ன வருத்தம் இருந்தது என்றுதான் முதலில் தேடுவேன். ரீடக்ஸ் என்றீர்கள். அதற்கு முன்னால் ஃபிளக்ஸ் என்ற முறை இருந்தது. 2014 இல் ஃபேஸ்புக்காரர் அதை மேடையில் விளக்கியபோது சொன்ன உதாரணம் அவர்களுடைய சட் பெட்டி. வாசிக்காத செய்தி ஒன்று இருக்கிறது என்று மேலே இலக்கம் காட்டும், உள்ளே போனால் ஒன்றும் இருக்காது. திருத்துவார்கள், கொஞ்ச நாளில் திரும்ப வரும். ஒரே தகவலைப் பக்கத்தின் பல மூலைகளில் பல பேர் எழுதிய கோட் மாற்றிக்கொண்டிருந்ததுதான் காரணம். அந்த வருத்தம் உள்ளவர்களுக்கு ஃபிளக்ஸ் மருந்து, அதன் வழியில் 2015 இல் வந்தது ரீடக்ஸ். நாலு பெட்டிப் படிவத்துக்கு அந்த நோயே இல்லை. உங்களுக்கு அதைப் படிப்பித்தவர்கள் மருந்தைச் சொன்னார்கள், நோயைச் சொல்லவில்லை.

பல சேர்வர்களில் மென்பொருளைப் பரப்பி ஓட்டும் குபர்நெட்டீஸும் அப்படித்தான். கூகிள் 2014 இல் வெளியிட்டது, தங்கள் ஆயிரக்கணக்கான இயந்திரங்களை நடத்திப் பெற்ற அனுபவத்தில். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், ஒரே சேர்வரில் முந்நூறு பேர் பாவிக்கும் சிஸ்டத்தை அதற்கு மாற்ற மூன்று மாதம் செலவழித்தோம். நான் எதிர்த்துப் பேசவில்லை. இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது. எனக்கு இல்லாத வருத்தத்துக்குச் செய்த கருவி என்றால் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு நகர்ந்துவிடுவேன். எனக்கும் அந்த வருத்தம் வரும் நாளில் படிப்பேன். அன்றைக்கு அது ஒரு கிழமையில் ஏறிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு பகுதியும் எதற்கு என்று வலித்துத் தெரிந்திருக்கும்.

நீங்கள் மொமென்ட் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் எழுதவேண்டும். 2019 அளவில் ஓய்வூதியக் கணக்குகளுக்கான ஒரு சிஸ்டத்தில் வேலை செய்தேன். திரைகளைப் புதிதாக எழுதி முடித்ததும் ஒரு முறைப்பாடு வந்தது. ஒருவருடைய கணக்கு தொடங்கிய நாள் 10.03.2001, திரையில் 09.03.2001 என்று வருகிறது. இன்னும் தேடினால் இன்னும் பல. எல்லாம் 1996 க்கும் 2006 க்கும் இடைப்பட்டவை. அதற்கு முன்னும் பின்னும் ஒரு பிழையும் இல்லை. பிள்ளைகள் லைப்ரரியில்தான் பிழை என்று மொமென்ட்டைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டார்கள். அதே பிழை. மூன்றாவதாக இன்னொன்றையும் பார்த்தார்கள்.

நான் திகதிகளைத் தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்தக் காலத்தை வாழ்ந்திருக்கிறேன். 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டில், அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2006 ஏப்ரல் வரை நாங்கள் கிரீன்விச் நேரத்திலிருந்து ஆறு மணி நேர வித்தியாசத்தில் இருந்தோம், ஐந்தரையில் இல்லை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிப் போனவர்களுக்குக் கைக்கடிகாரத்தைத் திருப்பியது ஞாபகம் இருக்கும். எங்கள் கோட்டில் யாரோ இலங்கை என்றால் ஐந்தரை என்று நேரடியாக எழுதிவிட்டார்கள். 2001 இன் ஒரு நள்ளிரவை ஐந்தரை வைத்துக் கணக்கிட்டால் முதல் நாள் இரவு பதினொன்றரை வரும், திகதி ஒன்று குறைந்துவிடும். ஐந்தரையை எடுத்துவிட்டு ஏசியா/கொலம்போ என்ற நேர வலயப் பெயரைப் போட்டோம். ஒரு வரி. அந்த மாற்றங்கள் எல்லாம் நேர வலயத் தரவில் ஏற்கெனவே பதிந்து கிடக்கின்றன.

மூன்று லைப்ரரி மாற்றியும் போகாத பிழை அது. என் நேரத்தை நான் இப்படியானவற்றில்தான் போடுகிறேன்: நேர வலயம், டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்கியூஎல் மொழி, எழுத்துகளைக் குறிக்கும் யுனிகோட், நெட்வேர்க். 2004 இல் ஓர் அறிக்கைக்காக நான் எழுதிய எஸ்கியூஎல் கேள்வி ஒன்று, டேட்டாபேஸ் இரண்டு தடவை மாறியும் அப்படியே ஓடுகிறது. தூக்கம் வருகிறதா என்று கேட்டீர்கள். பெரும்பாலான நாட்களில் வருகிறது.

---

தெஹிவளை 41 பதில்:

கொட்டாஞ்சேனை அண்ணா சொன்னதை மதிக்கிறேன், அந்த நேர வலயக் கதையை டீமில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். ஆனால் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் கேட்டவருக்கு நியாயமில்லை.

2023 இல் என் வேலை போனது. 16 வருட அனுபவம், டேட்டாபேஸ் நன்றாகத் தெரியும், ஒரு சிஸ்டம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று அரை நாளில் சொல்லிவிடுவேன். ஏழு மாதம் வேலையில்லை. விண்ணப்பத்தில் குறிப்பிட்ட நாலு பெயர்கள் இல்லாவிட்டால் நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்ட ஓர் இடத்தில், என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த ஒருவர் ரியாக்ட்டில் யூஸ்எஃபெக்ட் என்ற ஹூக் இரண்டு தடவை ஓடுவது ஏன் என்று கேட்டார். தெரியவில்லை. அபிவிருத்தி நிலையில், பிழை பிடிப்பதற்கான ஸ்ட்ரிக்ட் மோட் வேண்டுமென்றே இரண்டு தடவை ஓட்டிப் பார்க்கிறது, ரியாக்ட் 18 இலிருந்து அப்படி. இப்போது தெரியும். அன்று தெரியாததால் அந்த வேலை போனது. வாடகைக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைத்திருந்த நேரம் அது.

ஆகவே அடிப்படை தெரிந்தால் போதும் என்பதை வேலையில் இருப்பவர்தான் நிம்மதியாகச் சொல்லலாம். சந்தை கேட்கும் பெயர்களில் ஒன்றையாவது இன்றைய நிலைவரைக்கும் வைத்திருங்கள். ஒன்று போதும். ரியாக்ட் என்றால் ரியாக்ட். மற்ற எல்லாவற்றையும் விடுங்கள்.

ஆனால் அந்த ஒன்றையும் இரவு பன்னிரண்டரைக்குப் படிக்காதீர்கள். இதைத்தான் எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். இப்போது நான் இருக்கும் இடத்தில் சேர்ந்த முதல் மாதமே மேலாளரிடம் போய்க் கேட்டேன்: இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வேலைப் பட்டியல் போடும்போது, "இன்னதைப் படிப்பது, நாலு மணி நேரம்" என்பதையும் ஒரு வேலையாகப் போடலாமா? என்ன தேவைக்கு, முடிவில் எதைக் காட்டுவேன் என்று எழுதிக் கொடுத்தேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கம்பனி மாற்றச் சொல்கிறது, கம்பனிக்குத்தான் அந்தக் கோட். அதைப் படிக்கும் நேரத்தை மட்டும் ஏன் எங்கள் பிள்ளைகளின் நேரத்திலிருந்து எடுக்க வேண்டும்? 14 வருடம் அப்படிக் கொடுத்திருக்கிறீர்கள். போதும்.

---

மொறட்டுவை மூன்றாம் வருடம் பதில்:

அக்கா, நான் இன்னும் கம்பஸில் படிக்கிறேன், போன ஆறு மாதம் ஒரு கம்பனியில் இன்டர்ன்ஷிப் செய்தேன். உங்களிடம் கேள்வி கேட்ட தம்பியைப் போல நானும் கேட்டிருப்பேன். பெரும்பாலும் முந்தின இரவு வாசித்ததை மறுநாள் கேட்பதுதான். எங்களுக்கும் முழுதாக விளங்குவதில்லை.

சேர்வர் கொம்பொனன்ட் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். அந்தப் பகுதியின் கோட் சேர்வரில் மட்டும் ஓடும். பிரவுசருக்கு அது போகாது, அதன் விளைவு மட்டும்தான் போகும். அதனால் அதற்குள்ளேயே டேட்டாபேஸை நேரடியாகக் கேட்கலாம். ஆனால் பட்டனை அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டும் என்றாலோ, மாறும் தகவலை ஞாபகம் வைக்கும் யூஸ்ஸ்டேட் வேண்டும் என்றாலோ அங்கே செய்ய முடியாது. அதைத் தனிக் கோப்பில் எழுதி, மேலே யூஸ் கிளையன்ட் என்று போடவேண்டும். இன்டர்ன்ஷிப்பில் எங்கள் டெக் லீட் அண்ணா இதைக் கேட்டுவிட்டு, "பிஎச்பியில் இதைத்தானே செய்துகொண்டிருந்தோம், முதலில் பக்கத்தைச் சேர்வரில் செய்து அனுப்புவது" என்றார். எனக்கு பிஎச்பி தெரியாது. நீங்கள் 2011 இல் அதைத்தான் செய்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் என்னைவிட உங்களுக்குச் சீக்கிரம் ஏறும்.

இன்னொன்று. அங்கே எனக்குக் கொடுத்த முதல் வேலையும் அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதி எடுப்பதுதான். ஏஐயிடம் கேட்டேன், அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்தது. பழைய ஒன்பது இலக்கமும் வி எழுத்தும், புதிய 12 இலக்கம், பிறந்தது வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற எண், பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவது, எல்லாம் சரியாக இருந்தது. சோதனைகளையும் அதுவே எழுதியது, எல்லாம் பச்சை. டெஸ்டிங் செய்யும் அக்கா தன்னுடைய இலக்கத்தைப் போட்டுப் பார்த்தார். அவருடைய பிறந்தநாள் ஒரு நாள் தள்ளி வந்தது. என்னுடையதைப் போட்டேன், ஜனவரி, சரியாக வந்தது. அன்று பின்னேரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பிறகு டெக் லீட் அண்ணா வந்து, அடையாள அட்டையில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள்தான் என்று ஒரே வார்த்தையில் சொன்னார். 1990 மார்ச் முதலாம் திகதி பிறந்த ஓர் ஆணுக்கு அட்டையில் 061 இருக்கும். லீப் வருடம் இல்லாததால் சாதாரணக் கணக்கில் அது 60 ஆம் நாள். நான் எழுதியது அவரை மார்ச் 2 என்று காட்டும்.

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எப்போதோ ஒரு வாடிக்கையாளர் போன் எடுத்து ஏசினாராம், அன்றிலிருந்து மறக்கவில்லையாம்.

---

வெள்ளவத்தைக்காரி மறுபடி:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு லப்டொப்பைத் திறந்தேன், ஆனால் வீடியோ பார்க்கவில்லை. தம்பி எழுதிய அந்த 29 நாள் விஷயத்தை வாசித்ததும் ஒரு யோசனை வந்தது. ஒபிஸ் கோட் களஞ்சியத்தில் எங்கள் பழைய படிவங்களைத் தோண்டிப் பார்த்தேன்.

2014 இன் ஆங்குலர்ஜேஎஸ் படிவத்தில் கொன்ட்ரோலர், டைரக்டிவ் எல்லாம் இருக்கின்றன, ஒன்றும் இன்று எதற்கும் உதவாது. அதற்குள் அடையாள அட்டையைத் திகதியாக்கும் 17 வரி இருக்கிறது. நான்தான் எழுதியிருக்கிறேன். மாதங்களின் நாட்கள் 31, 29, 31 என்று தொடங்குகின்றன. 29 க்குப் பக்கத்தில், இதை 28 ஆக மாற்ற வேண்டாம், எப்போதும் 29 தான் என்று ஒரு குறிப்பு. எழுதியது ஞாபகமே இல்லை. பிறகு 2017 படிவத்தைத் திறந்தேன், அதே வரிகள். ரியாக்ட்டில் கிளாஸ் வைத்து எழுதியதில் அதே வரிகள். ஹூக்ஸ் வைத்து எழுதியதிலும் அதே வரிகள், குறிப்போடு. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் நடந்திருக்கிறது, 2016 இல் 12 இலக்க அட்டை வந்தபோது மூன்று வரி கூடியிருக்கிறது. நடுவில் எத்தனையோ பேர் அந்தப் படிவத்தில் கைவைத்திருக்கிறார்கள். இந்த வரிகளை ஒருவரும் தொடவில்லை. நான் அந்த மேசையில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

கொட்டாஞ்சேனை அண்ணா, நீங்கள் சொன்ன பட்டியலில் எஸ்கியூஎல் எனக்கும் ஒருவிதத்தில் அப்படித்தான் வந்தது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்கள் ஞாபகம் இருக்கும். போன் கோபுரங்களும் போய்விடும், இன்டர்நெட் கிடையாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கையேட்டை முழுதாக ஒரு பிடிஎஃப்பாக இறக்கி வைத்திருந்தேன். பற்றரி இருக்கும் வரை அதைத்தான் வாசித்தேன், மகள் மெழுகுதிரி வெளிச்சத்தில் பக்கத்தில் படம் கீறிக்கொண்டிருப்பாள். ஒரு கேள்வியை டேட்டாபேஸ் எப்படி ஓட்டுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்னை வாசிக்கப் பழகியது அந்த இரவுகளில். அன்று படித்தது இன்று வரை ஒன்றும் பழசாகவில்லை. அதைப் படிப்பு என்றே நான் இதுவரை கணக்கில் எடுக்கவில்லை.

தெஹிவளை அண்ணா, ஏழு மாதம் என்று எழுதியதை வாசித்து மனம் கனத்தது. நீங்கள் சொன்னபடி ரியாக்ட்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஸ்வெல்ட், சொலிட் என்ற வேறு கருவிகளைப் படிக்கவென்று சேர்த்து வைத்திருந்த முப்பது நாற்பது வீடியோக்களை இன்று காலை பஸ்ஸில் வரும்போது அழித்துவிட்டேன். அழிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

நாலு மணி நேரம் கேட்கும் கடிதத்தை எழுதிவிட்டேன். என்ன தேவைக்கு என்ற இடத்தில் சேர்வர் கொம்பொனன்ட் என்று போட்டிருக்கிறேன், முடிவில் காட்டுவது என்ற இடத்தில் அந்தப் பதிவுப் படிவம். மேலாளர் முதலில் "வீட்டில் பார்க்க முடியாதா?" என்று கேட்பார், அவரைத் தெரியும். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று இன்றிரவுக்குள் எழுத முடியுமா? நாளைக் காலை ஒன்பதரைக்கு மீட்டிங். அதற்கு முன்னால் அந்தத் தம்பியிடம் போய், அன்று கேட்டது எனக்கு விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல் என்று கேட்கப் போகிறேன்.